ஓடத் தொடங்கிய மகளுக்கு

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் எல்லாரும் நலந்தானே?

நேற்று மதியம் நீ அனுப்பிய படம் வந்தது. 5 கிலோமீட்டர் ஓட்டம், 41 நிமிடம் 25 விநாடி. அதற்குக் கீழே, "நாலு மாசம் ஆச்சுப்பா, ரெண்டு நிமிஷம்கூடக் குறையல. எனக்கு இது வராது போல" என்று போட்டிருந்தாய். உடனே பதில் போடத்தான் கை போனது. ஆனால் போனில் நாலு வரி எழுதினால், மகள் மனது நோகக்கூடாதென்று அப்பா ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். அதனால்தான் ஸ்டேடியத்தில் நடந்துவிட்டு வந்ததும் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஆடிச் சாரல். உன் அம்மா இரண்டாவது முறை காப்பியைச் சூடு பண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 31 வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற ஒரு பி.டி. வாத்தியார் உன் ஓட்டத்தைப் பார்த்து எழுதுகிறார் என்று எடுத்துக்கொண்டு படி.

முதலில் கணக்கு. ஏப்ரலில் நீ முதன்முதலாக 5 கிலோமீட்டர் முடித்தபோது 43 நிமிடம் 10 விநாடி. இப்போது 1 நிமிடம் 45 விநாடி குறைந்திருக்கிறது. கிலோமீட்டருக்கு 21 விநாடி. சரி, அது சின்ன எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 43 நிமிடத்தில் பாதித் தூரத்தை நீ நடந்தாய். நேற்று ஒரு இடத்திலும் நடக்கவில்லை என்று நீதான் எழுதியிருந்தாய். பாதி நடந்தவள் முழுத் தூரமும் ஓடுகிறாள். நீ அனுப்பிய படத்தில் இது எங்கேயும் இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் நினைவிருக்கிறதா? 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மறுபடி 60 விநாடி. அந்த 60 விநாடியிலேயே உயிர் போய் உயிர் வருகிறது என்று போனில் சொன்னாய். ஓடிப் பழகாதவர்களை 5 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும் அந்த 'கவுச் டு ஃபைவ் கே' அட்டவணை யார் போட்டது என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைப்பதற்காகப் போட்டது. ஓடியே பழகாத ஒரு அம்மாவை மனதில் வைத்துப் போட்டதால்தான் அது அவ்வளவு மெதுவாக ஏறுகிறது. அந்த மெதுவை நீ ஒன்பது வாரம் மதித்தாய். அட்டவணை முடிந்த மறுவாரமே விட்டுவிட்டாய். உன் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

நேற்று இரவு நீ இதுவரை அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். செவ்வாய், வியாழன், சனி. ஜூலை முழுக்க மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே வேகம். மூன்று நாளும் இதயத் துடிப்பு 170-க்கு மேல். பாப்பா, நீ வாரத்துக்கு மூன்று பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாய். பாடம் படிக்க ஒரு நாளும் இல்லை.

இந்தத் தப்பை நானும் பல வருடம் செய்தேன், அதுவும் மற்றவர்கள் பிள்ளைகளை வைத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாயங்காலம் நாலரை மணிக்குப் பையன்களை நிறுத்தி, விசில் அடித்து, தினமும் பந்தயம் வைப்பேன். ஜூன் மாதம் முப்பது பேர் வருவார்கள். குறுவட்டப் போட்டி வருவதற்குள் பத்துப் பேர்தான் மிஞ்சுவார்கள். மற்றவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி, அல்லது சலிப்பு. அவர்களுக்கு ஓட்டம் வராது என்று நான் முடிவு கட்டிவிடுவேன். பால்காரர் மகன் ஒருவன் மட்டும் விடாமல் வந்தான். 1500 மீட்டரை 5 நிமிடம் 28 விநாடியில் ஓடுவான். ஏழு மாதம் கழித்து 5 நிமிடம் 25. அவன் உன்னைப் போலவே என்னிடம் கேட்டான்: "சார், எனக்கு அவ்வளவுதானா?" அவனுக்குச் சொல்ல என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

அடுத்த கோடையில் ஒரு புத்தாக்கப் பயிற்சிக்குப் போனபோதுதான் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒலிம்பிக் சாம்பியன்களை உருவாக்கியவர். அவரே ஆக்லாந்தில் இதய நோயாளிகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு மெல்லோட்டம் ஓடினார். பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு விதி. 1962 கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மேன் அங்கே போனார். அவர் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர், பின்னால் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். லிடியார்ட் கூப்பிட்டார் என்று ஒரு நாள் அந்தக் கூட்டத்தோடு ஓடினார். அப்போது அவருக்கு 51 வயது. கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், மாரடைப்பிலிருந்து மீண்டவர், இவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே கூட ஓடியிருக்கிறார். பவர்மேனுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சாதாரண மக்களுக்கு மெல்லோட்டம் கற்றுக்கொடுத்தது.

அதைக் கேட்டுவிட்டு வந்து நான் செய்தது இதுதான். பையன்களைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓட வைத்தேன். "ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு, மூ பதினாறு நாற்பத்தெட்டு." மூன்று வரியையும் இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டாவது வரியில் திணறினால் வேகத்தைக் குறை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பந்தயம். மற்ற நாளெல்லாம் வாய்ப்பாடுதான். பால்காரர் மகன் அடுத்த வருடக் குறுவட்டப் போட்டியில் 4 நிமிடம் 52 விநாடியில் ஓடி மூன்றாவதாக வந்தான். முன்பக்க எலும்பு வலி என்று வருகிற பையன்களும் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும். அப்புறம் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக இரத்தம் அனுப்பப் பழகும். கால் தசைக்குள் மயிரிழை போன்ற புது இரத்தக் குழாய்கள் வளர வாரக்கணக்காகும். எலும்பும், தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணும் மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். அதிலும் எலும்பு, பழையதைக் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்கும். இடைப்பட்ட காலத்தில் அது முன்பைவிடப் பலவீனமாகக்கூட இருக்கும். மூச்சு தேறிவிட்டதே என்று அந்த நேரத்தில் விரட்டினால் எலும்பு தாங்காது. நாம் வீடு கட்டினபோது தளம் போட்டுவிட்டு மூன்று வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோமே, ஏன் சும்மா கிடக்கிறது, மேலே போய் விளையாடலாமா என்று நீ தினமும் கேட்பாய். பார்வைக்கு இரண்டாம் நாளே கெட்டியாகத்தான் இருந்தது.

உனக்குத் தேறியிருப்பதைக் காட்டும் எண் ஒன்று உன்னிடமே இருக்கிறது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பு ஏப்ரலில் 76 என்று சொன்னாய். போன வாரம் 67. நிமிடத்துக்கு 9 துடிப்பை உன் இதயம் மிச்சப்படுத்துகிறது, நீ தூங்கும்போதும். எனக்கு நேற்று வந்த 41:25-ஐவிட இது பெரிய செய்தி.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதே. இரத்தப் பரிசோதனை செய்துகொள். பிரசவ சமயத்தில் உனக்கு ஹீமோகுளோபின் 9-தான் இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் தசைக்கு ஆக்சிஜன் போதாது. எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் மாடிப்படி ஏறுவது போலவே இருக்கும், நம் மனதில்தான் உறுதி இல்லை என்று நினைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் பார்க்கச் சொல், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அதுதான் காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து, சேமிப்பு மட்டும் காலியாக இருப்பதும் உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விடு, அது இரும்புச்சத்தை உடம்பில் ஏற விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடி. அங்கே இங்கிலாந்தில், உங்கள் லீட்ஸில், ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) கிடைக்குமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

இனி எழுத நினைத்து, நான் இத்தனை வருடம் எழுதாதது.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்த விளையாட்டு விழா. 200 மீட்டர். முடிவுக் கோட்டில் நான் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். நீ கடைசியாக வந்தாய். வந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தாய். நான் முதல் மூன்று பேரின் நேரத்தை அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும்போது டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்திருந்த உன்னிடம், வளைவில் எங்கே விட்டாய், கை எப்படி ஆடியது என்று வழி நெடுகத் திருத்தம் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் நீ பெயர் கொடுக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

22 வருடம் கழித்து, யாரும் சொல்லாமல் நீயாகவே ஷூ வாங்கி ஓடப் போனாய் என்று கேட்ட அன்றைக்கு நான் மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீ வாராவாரம் நேரத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பத் தொடங்கியதும் மனது உறுத்தியது. அன்றைக்கு என் கையில் இருந்த கடிகாரத்தைத்தான் நீ இன்றைக்கு உன் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிறாய் என்று தோன்றுகிறது. அதை நான்தான் உனக்குக் கொடுத்தேன், பாப்பா. நான்தான் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

நீ சனிக்கிழமை போகிற பார்க்ரன், அதுதான் பூங்காவில் எல்லாரும் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடுவது, அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியிருக்கிறார்கள். இன்று எத்தனையோ நாடுகளில் நடக்கிறது, காசு வாங்குவதில்லை. கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை வைத்திருக்கிறார்கள், வேறு யாரும் கடைசி என்று ஆகக்கூடாது என்பதற்காக. 31 வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. வருடங்கள் போகப் போக அங்கே வருகிறவர்களின் சராசரி நேரம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. மெதுவாக ஓடுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்று அதையும் அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். 2024-இல் வேகச் சாதனைப் பட்டியல்களைத் தங்கள் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போய் நீ கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறாய்.

ஆகவே இந்த மூன்று மாதத்துக்கு இப்படிச் செய். செவ்வாயும் வியாழனும் அரைமணி நேரம், பதினாறாம் வாய்ப்பாட்டு வேகம். நடக்கிற மாதிரி இருக்கிறது என்று தோன்றும், இருக்கட்டும். மேட்டில் வாய்ப்பாடு திணறினால் நடந்தே ஏறு. சனிக்கிழமைகளில் மாதத்துக்கு ஒன்றை மட்டும் முழு மூச்சாக ஓடு. மற்றவற்றில் யாருடனாவது பேசிக்கொண்டே ஓடு. ஒரு சனிக்கிழமை அந்தக் கடைசித் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துப் பார். முன்பக்க எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. அந்த ஒன்றில் மட்டும் பொறுமை காட்டாதே.

குட்டிப்பயலுக்கு நாலு வயது முடிந்துவிட்டதே. ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கென்று 2 கிலோமீட்டர் வைக்கிறார்கள் என்று படித்தேன். அவனுக்கு விருப்பம் இருந்தால் கூட்டிப் போ. கூட ஓடு. கை எப்படி ஆடுகிறது என்று பார்க்காதே.

உனக்கு அங்கே சனிக்கிழமை காலை 9 மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். "இப்போ புறப்பட்டிருப்பா" என்று உன் அம்மா தட்டை வைத்துக்கொண்டே சொல்வாள். இந்தச் சனிக்கிழமை படம் அனுப்பாதே. முடித்துவிட்டு ஒரு போன் பண்ணு. யாரோடு ஓடினாய், என்ன பேசினீர்கள், பூங்காவில் மழையா வெயிலா என்று சொல். எத்தனை நிமிடம் என்று நான் கேட்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அப்பா