டம்புரெல்லோ சுவரும் ‘விதி’ என்ற சொல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மே 1 இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவைப் பற்றிய நினைவுக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வருடம் தவறாமல் போடுகிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் காருக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கட்டுரையின் தலைப்பு எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘வளைவில் காத்திருந்த விதி’ என்று போட்டிருந்தீர்கள். உள்ளேயும் மூன்று இடத்தில் விதி விளையாடியது, விதி அழைத்தது, விதியை யார் வெல்ல முடியும் என்று அதே சொல். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் லேத் வேலை பார்ப்பவன். 1994-இல் எனக்கு 19 வயது, டர்னர் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மே தினமும் ஞாயிறும் ஒரே நாளில் வந்து ஒரு லீவு போச்சே என்று பட்டறையில் எல்லோரும் அங்கலாய்த்த வருடம் அது. கேபிள் இருந்த ஒரு நண்பன் வீட்டில் ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்து இத்தாலியில் நடந்த இமோலா பந்தயத்தைப் பார்த்தோம். ஏழாவது சுற்று. டம்புரெல்லோ என்பது அந்தப் பாதையில் இடது பக்கம் திரும்பும் வளைவு. நீலமும் வெள்ளையுமாக இருந்த சென்னாவின் கார், வில்லியம்ஸ் அணியுடையது, திரும்பவில்லை. வலது பக்கம் நேராகப் போய்ச் சுவரில் அடித்து, சுழன்று, நின்றது. மேலிருந்து ஹெலிகாப்டர் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அந்த மஞ்சள் ஹெல்மெட் லேசாக அசைந்தது. “அசையுறாருடா, ஒண்ணும் ஆகல” என்று நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அந்தப் பிடி இன்றைக்கும் தோளில் இருக்கிறது. அன்றிரவு செய்தியில் போலோனா மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்றார்கள். வயது 34. மூன்று உலகப் பட்டம், 41 வெற்றி.

அன்றைக்கு நானும் விதி என்றுதான் சொன்னேன். 19 வயதில் வேறென்ன தெரியும்? பிறகு வருடக்கணக்காக அந்த விபத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் தொழிலும் எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். பெரிய விட்டமும் சின்ன விட்டமும் சேருகிற மூலையில் ரேடியஸ், அதாவது சின்ன வளைவு, விடாமல் கூராக வெட்டி இறக்கிவிட்டேன். மூன்றே மாதத்தில் அது இரண்டு துண்டாகத் திரும்பி வந்தது. மேஸ்திரி திட்டவில்லை. வெளியே வெயிலுக்குக் கூட்டிப்போய் முறிந்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். பாதிக்கு மேல் மங்கிப்போய், வழவழவென்று, அலை வந்து போன மணல் மாதிரி வரி வரியாக இருந்தது. மீதி கல்கண்டை உடைத்தது போலச் சொரசொரவென்று மின்னியது. “இந்த வழவழப்பு பழசு தம்பி. ஓடிக்கிட்டிருக்கும்போதே தினம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு வந்திருக்கு. மின்னுது பாரு, அதுதான் நேத்து ஒடஞ்சது” என்றார். அன்றிலிருந்து எந்த இரும்பு முறிந்து வந்தாலும் முதலில் பழசு எது, புதுசு எது என்றுதான் பார்ப்பேன்.

சென்னாவின் காரில் ஸ்டீயரிங் தண்டை மாற்றியிருந்தார்கள். உட்காரும் இடம் நெருக்கமாக இருக்கிறது என்று அவர் கேட்டதால், தண்டை வெட்டி, நடுவில் விட்டம் குறைந்த ஒரு குழாயை வைத்து வெல்டிங் செய்தார்கள். விபத்துக்குப் பிறகு அது முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தை ஆராய்ந்தபோது உலோகக் களைப்பால் வந்த விரிசல் தெரிந்தது. என் மேஸ்திரி காட்டினாரே, அந்தப் பழைய வழவழப்பின் வகைதான் அது. வழக்கு இத்தாலியில் பல வருடம் இழுத்தது. கீழே விடுதலை, மேலே மறுவிசாரணை என்று போய், கடைசியில் 2007-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சரியாக வடிவமைக்காமல், சரியாகச் செய்யாமல் விட்ட அந்த மாற்றத்தால் தண்டு முறிந்ததே விபத்துக்குக் காரணம் என்று சொன்னது. கால வரம்பு தாண்டிவிட்டதால் யாருக்கும் தண்டனை இல்லை.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சுவரில் அடித்தபோதுதான் தண்டு முறிந்தது என்பது வில்லியம்ஸ் அணியின் வாதம். அந்தக் காரை வடிவமைத்த ஏட்ரியன் நியூவியே தண்டில் விரிசல் இருந்ததை ஒப்புக்கொண்டு, ஆனாலும் முதலில் வழுக்கியது காரின் பின்பக்கம்தான் என்று பின்னாளில் சொன்னார். இன்னொரு காரணமும் சொல்வார்கள். பந்தயம் தொடங்கும்போதே ஒரு மோதல் நடந்து, பாதுகாப்புக் கார் முன்னால் மெதுவாகப் போக, சில சுற்றுகள் எல்லோரும் அதன் பின்னால் ஊர்ந்தார்கள். டயர் ஆறி, காற்றழுத்தம் இறங்கி, காரின் அடிப்பாகம் சாலை மேட்டில் உரசிப் பிடி இழந்திருக்கலாம். நான் இரும்புக்காரன், என் மனசு தண்டின் பக்கமே சாய்கிறது. ஆனால் தண்டு, டயர், காரின் வடிவம், இந்த மூன்றில் எதை எடுத்தாலும் அதை யாரோ ஒருவர் அளந்திருக்கலாம், மாற்றியிருக்கலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆறாதது அந்தச் சுவர். 1987-இல் நெல்சன் பிக்கே என்ற வீரர் அதே டம்புரெல்லோவில் அடித்தார். 1989-இல் இன்னொரு வீரர் கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி கார் அங்கேயே அடித்துத் தீப்பிடித்தது. தீயணைப்பு ஆட்கள் சில விநாடிகளில் ஓடி வந்ததால் கைகளில் தீக்காயத்தோடு பிழைத்தார். பிறகு ஒரு நாள் பெர்கரும் சென்னாவும் அந்தச் சுவருக்கே நடந்துபோய், இதைப் பின்னால் தள்ளிவைக்க முடியாதா என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் சான்டெர்னோ ஆறு. ஒன்றும் செய்ய முடியாது என்று திரும்பிவிட்டார்கள். பெர்கர் இதைச் சொல்லியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். இரண்டு பேரும் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்களே!

1995-இல் அதே பந்தயத்துக்கு வந்தபோது டம்புரெல்லோ பழைய வளைவாக இல்லை. வேகத்தைக் குறைக்க இடது, வலது, இடது என்று ஒடித்துவிட்டிருந்தார்கள். ஆறு அங்கேயேதான் இருந்தது. ஆற்றை நகர்த்தாமல், சாலையை மாற்றி ஒரே வருடத்தில் முடித்துவிட்டார்கள். இது முந்தின வருடமே முடியாதா? இதற்கு விதி என்று பெயர் வைத்தால் பதில் சொல்ல வேண்டியவர்களெல்லாம் தப்பித்துக்கொள்கிறார்கள், ஐயா.

சென்னாவே கடவுள் நம்பிக்கை உள்ளவர்தானே, சில விஷயங்கள் நம் கையில் இல்லை என்று அவரே சொன்னாரே என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். சொன்னார், உண்மை. இமோலாவில் பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஒரு சக வீரர் இறந்த பிறகு, பந்தய மருத்துவர் சிட் வாட்கின்ஸ் அவரிடம், போதும், விட்டுவிடு, மீன் பிடிக்கப் போகலாம் என்று கூப்பிட்டபோது அப்படித்தான் பதில் சொன்னாராம். ஒரு மனிதன் தன் பயத்தை எப்படிச் சுமந்தான் என்பது அது. மற்றவர் உயிர் என்று வந்தபோது அவர் எதையும் விதியிடம் விட்டதில்லை. 1992-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், பயிற்சியின்போது எரிக் கோமாஸ் என்ற வீரர் மோதி நினைவிழந்து கிடந்தார். கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியபடி, எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த சென்னா தன் காரை நிறுத்தி, இறங்கி, மற்ற கார்கள் சீறி வரும் பாதையில் ஓடி, உள்ளே கைவிட்டு எஞ்சினை நிறுத்தினார். மருத்துவர் வரும்வரை கோமாஸின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டம் எனக்குப் போதும். தான் இறந்த நாள் காலையில்கூட, ஓட்டுநர்கள் சங்கத்தை மறுபடி தொடங்கிப் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சக வீரர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர் இல்லாமல், அடுத்த மொனாக்கோ பந்தயத்தில் சங்கம் மறுபடி உயிர்பெற்றது.

கோமாஸ் அன்றைக்கு இமோலாவிலும் ஓடினார். தகவல் குழப்பத்தில் அவரைப் பந்தயப் பாதைக்குள் விட்டுவிட, விபத்து நடந்த இடத்துக்கே வந்து நின்றார். தன் தலையைப் பிடித்தவருக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் பிறகு அந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டவில்லை.

பிறகு என்னென்னவோ வந்தன. ஓட்டுநர் உட்காரும் இடத்தின் பக்கவாட்டை உயர்த்தினார்கள், சக்கரம் பறந்து வராமல் கயிறு போட்டுக் கட்டினார்கள், கழுத்தைக் காக்கும் கருவியை 2003-இல் கட்டாயமாக்கினார்கள், 2018-இல் தலைக்கு மேல் ஹாலோ வளையம் வைத்தார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமெயின் குரோஷானின் கார் தடுப்பைத் துளைத்து இரண்டாகப் பிளந்து எரிந்ததே, அந்த நெருப்புக்குள்ளிருந்து அவர் எழுந்து வந்ததை நான் என் மகனோடு பார்த்தேன். வாய்விட்டு அழுதேன். அவன் பயந்துவிட்டான். அந்த வளையம் 1994-க்குப் பிறகு யார் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு, சண்டை போட்டுக் கொண்டுவந்த பல மாற்றங்களில் ஒன்று. ஆரம்பத்தில் அதை எதிர்த்தவர்களில் குரோஷானும் ஒருவர். அது இல்லாவிட்டால் நான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவரே சொன்னார்.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை இறந்த சக வீரர் என்று மேலே எழுதினேன். உங்கள் கட்டுரையிலும் அப்படித்தான், பெயர் இல்லாமல், ஒரே வரியில் போய்விட்டது. அவர் பெயர் ரோலண்ட் ராட்சன்பெர்கர். ஆஸ்திரியாக்காரர், வயது 33, சிம்டெக் என்ற சின்ன அணி. ஃபார்முலா ஒன்னுக்கு வந்து மூன்றாவது வார இறுதி. பிரேசிலில் தகுதி பெறவில்லை, ஜப்பானில் 11-ஆவது இடம். இமோலாவில் தொடக்க வரிசையின் கடைசி இடத்தையாவது பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் வெளியே போய் காரைத் தரையோடு அழுத்தும் முன்பக்க இறக்கை அடிவாங்கியது. காரைச் சரிபார்க்கும் பிட்டுக்குள் வராமல் இன்னொரு சுற்று போனார். 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இறக்கை கழன்றது. இதுவும் விதி இல்லை. ஞாயிறன்று வரிசையின் கடைசி இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தார்கள். சென்னாவின் காரிலிருந்து மடித்து வைத்த ஓர் ஆஸ்திரியக் கொடியை எடுத்தார்கள்.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டே. அடுத்த வருடம் தலைப்பில் அந்தச் சொல் வேண்டாம். கட்டுரையை மே 1-இல் போடுங்கள், ஆனால் முந்தின நாள் ஏப்ரல் 30 இதழில் நாலு வரி இடம் ஒதுக்கி ராட்சன்பெர்கரின் பெயரைப் போடுங்கள். படம் கிடைத்தால் படமும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஒரு லேத் தொழிலாளி