செரோக்கி பர்ப்பிள் விதை கேட்டவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சித்திரையிலிருந்தே "செரோக்கி பர்ப்பிள் தக்காளி விதை இருக்கிறதா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். விதை கையில் இருந்தது; வேண்டுமென்றேதான் தரவில்லை. ஆவணி பிறந்துவிட்டது, இனி தரலாம்.

காக்க வைத்ததற்குக் காரணம் வெயில். கோடையில் இந்தச் செடி வளரும், பூவும் கொத்துக் கொத்தாக எடுக்கும். ஆனால் பகல் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் 22, 23க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது. காம்பு மஞ்சளாகிப் பூ ஒவ்வொன்றாக உதிரும். பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று எந்த உரக் கரைசலை ஊற்றினாலும் அது நிற்காது. கோடையிலும் தக்காளி வேண்டுமென்றால், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போடுங்கள். நம் ஊருக்கென்றே வந்த ரகம் அது.

செரோக்கி பர்ப்பிளோ அமெரிக்கச் சரக்கு. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கிரீன் என்பவர் 1990இல் கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்குத் தபாலில் கொஞ்சம் விதை அனுப்பினார். செரோக்கி பழங்குடியினரிடமிருந்து நூறு வருடங்களுக்கு முன்பே வந்தது என்று கூடவே ஒரு குறிப்பு. பெயர் வைத்தவர் லெஹூலியர். அதை விற்பனைக்குக் கொண்டுவந்த விதைக்காரரே, அடிபட்டுக் கன்றிய தோல் மாதிரி இருக்கிறதே, யார் வாங்குவார்கள் என்று தயங்கினாராம்.

எனவே பர்ப்பிள் என்ற பெயரைப் பார்த்துக் கத்தரிக்காய் ஊதாவை எதிர்பார்க்காதீர்கள். பழுக்கும்போது மற்றத் தக்காளியில் பச்சையம் மறைந்துவிடும். இதில் மறையாமல் சிவப்போடு கலந்து நின்றுவிடும். அந்தக் கலங்கல் நிறம்தான் இதன் அடையாளம். காம்பைச் சுற்றிப் பச்சை கடைசிவரை போகாது. அது போகட்டும் என்று காத்திருந்தால் பழம் அழுகிவிடும். அடிப்பாகம் நிறம் மாறி, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறதா, பறித்துவிடுங்கள்.

சரி, விதைப்புக்கு வருவோம். கோவை, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் ஆவணிக் கடைசியிலேயே போடலாம். சென்னை, கடலூர்க்காரர்கள் அவசரப்பட வேண்டாம். ஐப்பசியில் கூரையடியில் நாற்று விட்டு, கார்த்திகையில் பெருமழை ஓய்ந்ததும் நடுங்கள். அப்போதுதான் பூக்கும் நேரமும் குளிர்ந்த இரவுகளும் ஒன்றாக வரும்.

நாற்று விடும் குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழிக்கு ஒரு விதை. ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நூல் மாதிரி நீண்டு சாயும். நாலைந்து வாரத்தில் பெரிய பைக்கு மாற்றும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதியைப் புதையுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். செடி ஆளுயரம் போகும் என்பதால் நடும்போதே உயரமான கம்பு ஊன்றிவிடுங்கள்.

எங்களுக்கு வரும் புகார்களில் பாதி இலைச்சுருள் நோய் பற்றியது. அது வைரஸ்; வெள்ளை ஈ பரப்புவது. சுருண்ட செடியை நிமிர்த்த மருந்து கிடையாது. இளஞ்செடியாக இருக்கும்போதே ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், இலையின் அடிப்பக்கம் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். அப்படியும் ஒரு செடி சுருண்டால், மனசு கேட்காதுதான், பிடுங்கிவிடுங்கள். பக்கத்துச் செடியாவது தப்பும்.

பூ வந்ததும் காலையில் கொத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அதன் மகரந்தமே அதற்குப் போதும். ஒருநாள் தண்ணீரே ஊற்றாமல், மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் காயின் அடி கறுக்கும், பழம் வெடிக்கும். காய்கள் நிறைய நிற்காது. ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு மேல் வரும் என்பதால் அதில் குறையில்லை. தயவுசெய்து ரசத்தில் போடாதீர்கள். புளிப்புக்கு நாட்டுத் தக்காளி இருக்கிறது. இதைக் கனமாக நறுக்கி, உப்புத் தூவிப் பச்சையாகச் சாப்பிடுங்கள்.

வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்) அல்ல என்பதால் விதையை நீங்களே எடுத்து வைக்கலாம். நன்றாகப் பழுத்த பழத்தின் சதையை விதையோடு ஒரு டம்ளரில் வழித்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். மேலே ஆடை கட்டி நாற்றம் வரும், அது சரிதான். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் தட்டில் உலர்த்துங்கள், செய்தித்தாளில் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருடம் எங்களிடம் வாங்க வேண்டியதில்லை.

விதை அனுப்புவதை ஐப்பசிக் கடைசியோடு நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு பணம் அனுப்பாதீர்கள். கேட்கும்போது எந்த ஊர் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், எப்போது விதைப்பது என்று பொட்டலத்திலேயே குறித்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
விதைக் கடையிலிருந்து