கேள்வி நீயும் கேள்

போடிநாயக்கனூர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பாதிப் பேச்சை உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள், மீதியை டவர் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டேராடூனில் ட்ரெக் லீடர் வேலைக்கு நீ போன இன்டர்வியூவில் அந்த ட்ரெக்கிங் கம்பெனி மேனேஜர் "கல்யாணம் எப்போது, மாதக்கணக்கில் மலைக்குப் போக வீட்டில் விடுவார்களா" என்று கேட்டதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் 28 நாள் பாறையிலும் பனியிலும் கிடந்து 'ஏ' கிரேடு வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா அது? கூட வந்த பையன்களிடம் அதைக் கேட்கவில்லை என்றாயே, அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த வேலை வராவிட்டால் விட்டுத் தள்ளு.

ஆனால் அதே ஆள் கேட்ட இன்னொரு கேள்வி நல்ல கேள்வி. இமயமலையில் கேதார்காந்தா சிகரத்தின் உச்சிக்குக் கிளம்புகிற இரவு. உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. காசு கட்டி வந்திருக்கிறேன், போயே தீருவேன் என்கிறார். என்ன செய்வாய்? மேலே ஏற்றமாட்டேன், குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பேன், தள்ளாடினால் விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறக்குவேன் என்று நீ சொன்னாய். சரியான பதில். (நீ அதைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து அம்மா என்னை வராந்தாக் கோட்டில் நடக்கவிட்டுப் பார்க்கிறாள். போடி உயரம் ஆயிரத்துச் சொச்சம் அடிதான் என்றால் கேட்பதாயில்லை.) மாத்திரை கொடுத்து மெல்லக் கூட்டிப்போவேன், கஸ்டமர் மனம் நோகக் கூடாது என்று சொன்ன பையனை அவர்கள் பாராட்டினார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

ஜீப்புக்கு டிரைவர் எடுக்கும்போது நான் மேடேற்றச் சொல்லிப் பார்ப்பதில்லை. குரங்கணி ரோட்டு வளைவில் எதிரே எஸ்டேட் வண்டி வரும்போது பதறாமல் பின்னால் எடுக்கிறானா, அதைத்தான் பார்ப்பேன். மேலே ஏற எல்லாருக்கும் வரும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. உனக்கு நினைவிருக்கும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு குரங்கணிக்குப் போனேன். மலையில் தீக்கோடு தெரிந்தது. ஊர்க்காரர்கள் போர்வையில் தொட்டில் கட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார்கள். உன்னைவிட ஏழெட்டு வயது மூத்த பிள்ளைகள், ட்ரெக்கிங் வந்தவர்கள். ஒரு பெண் தண்ணீர் கேட்கவில்லை, கூட வந்தவர்கள் பெயரைத்தான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடினால் மனுஷக் கால் அதை முந்தாது. யார் மேல் தப்பு என்பதை விசாரணைக்காரர்கள் பார்த்தார்கள், அது என் வேலையில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் ட்ரெக்கிங் என்று வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "திரும்புவோம் என்று சொல்ல உங்களில் யாருக்கு அதிகாரம்?" பாதிப் பேர் முகத்தைப் பார்ப்பார்கள்.

அடுத்த வாரம் போகிற கம்பெனியில் நீ இதைக் கேள். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்களாமே, அப்போது கேள். நான் ஒரு குழுவைப் பாதியில் திருப்பினால் என் பக்கம் நிற்பீர்களா, பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர்கள் சண்டை போட்டால் யார் பேசுவது? போன சீசனில் அப்படித் திரும்பிய குழு உண்டா? ஆக்ஸிஜன் சிலிண்டர் குழுவோடு மேலே வருமா, அடிவாரத்துச் சாங்கிரி ஆபீஸிலேயே இருக்குமா? ஒரு லீடருக்கு எத்தனை பேர்? மூட்டை தூக்கி வருகிறவர்களுக்கும் கோவேறு கழுதை ஓட்டுகிறவர்களுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதா? இதைக் கேட்டால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று தயங்காதே. கோபப்படுகிற கம்பெனி என்றால் அன்றைக்கே ரயில் ஏறி வந்துவிடலாம்.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். இங்கேயும் 2024-இல் அரசாங்கமே 40 பாதைகளில் ட்ரெக்கிங் தொடங்கி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அதில் சேரக் கூடாதா என்கிறாள். உனக்குப் பனி வேண்டும், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனி வைக்கிற ஓட்டப் பரீட்சைக்கு முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிடாதே. ஹிந்தி திக்கினால் திக்கட்டும், அவர்களுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது.

அப்புறம் சம்பளம். மாதச் சம்பளமா, மலையில் இருக்கிற நாளுக்கு மட்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள். ஜூலை, ஆகஸ்டில் மழையில் ட்ரெக் நின்றுவிடும்போது என்ன தருவார்கள் என்பதை வாய்ப்பேச்சாக விடாதே, ஆர்டரில் எழுதி வாங்கு. ரூம் வாடகைக்கு இந்த மாதப் பணம் திங்கட்கிழமை போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா