அழைப்பிதழில் விட்டுப்போன வரிகள்: சின்னப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விழா வைக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அப்பாக்களே,

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போகிறவர்களுக்கு இந்த மடல். விழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எத்தனை பலூன் கட்டுகிறீர்கள், எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் பாடு. நான் பேச வந்தது சாப்பாட்டைப் பற்றி. அதில் மட்டும்தான் உங்கள் விருப்பம் என் பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது.

ஃபோனுக்கு வரும் அழைப்பிதழ்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். யானை இருக்கும், கரடி இருக்கும், மின்னுகிற எழுத்தில் பெயர் இருக்கும். நாள், இடம், "மாலை 4 மணி" என்றும் இருக்கும். எத்தனை மணிக்கு முடியும் என்று இருக்காது. சிற்றுண்டியா, வயிறாரச் சாப்பாடா என்று இருக்காது. பெற்றோர் கூடவே இருக்க வேண்டுமா, விட்டுவிட்டுப் போய்விடலாமா என்பதும் இருக்காது. அழைத்தவர்களிடமே போய் "சாப்பாடு உண்டா?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? அதனால் பாதிப்பேர் பிள்ளைக்கு வீட்டிலேயே ஊட்டிவிட்டுக் கூட்டி வருகிறார்கள். மீதிப்பேர் பசியோடு கூட்டி வருகிறார்கள். இன்னும் வராத ஒரு சொந்தக்காரருக்காக கேக் காத்திருக்கிறது. ஆறு மணிக்கு மூன்று வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழும்போது "ரொம்பப் பிடிவாதம்" என்று யாரோ சொல்கிறார்கள். பிடிவாதமெல்லாம் இல்லை, பசி.

நான் கேட்பது நான்கைந்து வரிகள்தான். இப்படி எழுதிப் பாருங்கள்: "4 மணி முதல் 6 மணி வரை. 4.30க்குச் சாப்பாடு, 5.15க்கு கேக். கேக்கில் பால், முட்டை, கோதுமை உண்டு. கொட்டை வகை எதுவும் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகாதென்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். பெற்றோரும் இருங்கள், உங்களுக்கும் சாப்பாடு உண்டு." தட்டச்சு செய்ய இரண்டு நிமிஷம் கூட ஆகாது. யானைப் படத்தைத் தேடிப் பிடிக்க இதைவிட நேரம் ஆகியிருக்கும்.

"ஆகாது" என்று சொன்னால் சிலர் முகத்தில் ஒரு சலிப்பு தெரிகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைத் தொட்டாலும் அலர்ஜி என்கிறார்கள். சரி, சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சலித்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு முட்டை ஆகாது. அவள் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு நிலக்கடலை. இந்த ஒவ்வாமைகளில் பெரும்பகுதியை உண்டாக்குவது ஒரு சின்னப் பட்டியல்தான்: பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகை, எள். இவை ஒன்பதையும் உணவு உறையில் குறிப்பிட வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். எள் கடைசியாக 2023இல்தான் அதில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் பதினான்கு இருக்கின்றன. இதையெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வாங்கிய பொருள்களின் உறைகளை விழா முடியும்வரை குப்பையில் போடாமல் ஓரமாக எடுத்து வையுங்கள், போதும். நாங்களே படித்துக்கொள்கிறோம். கேக் செய்து தருபவரிடம் என்ன சேர்த்தார் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஒரு வீட்டில் என் மகளுக்கென்றே முட்டை சேர்க்காத சின்ன கேக் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அந்த அன்புக்கு இன்றும் நன்றி உண்டு. பெரிய கேக்கை வெட்டி முடித்த மாமா, க்ரீம் வழியும் அதே கத்தியால் அந்தச் சின்ன கேக்கையும் பாதியாக வெட்டி, "இந்தா கண்ணு" என்று நீட்டினார். அவள் கையை நீட்டிவிட்டாள். நான் குறுக்கே போய்த் தட்டை வாங்க வேண்டியிருந்தது. அவள் அழ, மாமா திகைத்து நிற்க, எல்லோருடைய பார்வையும் என் மேல். மாமா மேல் குற்றமே இல்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. தனியாகச் செய்த பண்டம் தனிக் கத்தி, தனிக் கரண்டி, தனித் தட்டு என்று கடைசிவரை தனியாகவே இருக்க வேண்டும். முடிந்தால் மற்ற தட்டுகளுக்கு முன்னால் அதைப் பரிமாறிவிடுங்கள்.

கை விஷயமும் அப்படித்தான். கிருமிநாசினி ஜெல் தடவினால் கிருமி போகலாம், கையில் ஒட்டிய கடலையின் புரதம் போகாது. சோப்பும் தண்ணீரும்தான் அதை நீக்கும். ஈரத் துடைப்பான் காகிதமும் உதவும். சாப்பிட்ட கையோடு ஊஞ்சலுக்கும் பொம்மைக்கும் ஓடும் வயது அல்லவா?

யாராவது தன் பிள்ளையின் அலர்ஜிக்கான அவசர ஊசிப் பேனா ஒன்றை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனால், அதை எப்போது, எப்படிப் போடுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது போன்றவை சில நிமிஷங்களிலேயே தொடங்கலாம், இரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம். கடுமையான நிலையில் முதல் மருந்து அந்தப் பேனாவில் இருக்கும் எபிநெஃப்ரின் ஊசிதான். அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் அதற்கு ஈடாகாது. ஊசி போட்டபின் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், பிள்ளை தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும்.

சாப்பாட்டைப் பற்றி முன்னாலேயே பேசிக்கொள்ள அலர்ஜி அல்லாத காரணங்களும் உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளை கேக் சாப்பிடலாம். ஆனால் எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால்தான் அவன் அம்மா இன்சுலினைக் கணக்கிட முடியும். "உனக்குச் சர்க்கரை, உனக்கு வேண்டாம்" என்று நாலு பேர் முன்னால் தட்டை விலக்குவது அவனை வதைப்பது தவிர வேறில்லை. மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய்கள் பலவற்றிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. இறைச்சி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கும், சில இறைச்சிகளை மட்டும் விலக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் அதை நீட்டும் முன் கேட்க வேண்டும்.

அலர்ஜியை விட எனக்கு அதிகம் பயம் தருவது மேசை நடுவே அழகாக அடுக்கி வைத்திருக்கும் முழுத் திராட்சை. நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மூச்சுக்குழலை அது அச்சாக அடைத்துவிடும். பின்பக்கக் கடைவாய்ப் பால்பற்கள் முளைக்கவே இரண்டு, மூன்று வயதாகிறது. முளைத்த பின்னும் அரைத்துத் தின்னப் பழக நாளாகும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சாசேஜ் வைத்தால் வட்டமாக வெட்டாமல் அதையும் நீளவாக்கில் கீறுங்கள். பச்சைக் கேரட்டைத் துருவுங்கள் அல்லது வேகவையுங்கள். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கடின மிட்டாய் மூன்றும் அந்த வயதுப் பிள்ளைகளின் மேசையில் இருக்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு என்று வைத்தாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கைக்குழந்தைகளும் வருவார்கள், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துக்கள் பாட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரக்கூடியவை.

சாப்பிடும்போது உட்கார வையுங்கள். வாயில் உணவோடு குதிக்கும் விளையாட்டுக்கு ஓடவிடாதீர்கள். உடைந்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள். ஊதாத பலூனும் கிழிந்த பலூனும் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் ஆபத்து என்று பல நாடுகளில் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். இன்னொன்று: இருமுகிற பிள்ளைக்கு மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, இருமவிடுங்கள். சத்தமே வராமல் விழிக்கிற பிள்ளைக்குத்தான் அடைத்திருக்கிறது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளியே வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் ஃபோன் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பில் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. வீட்டில் ஒருவராவது இதை முறையான பயிற்சியில் கற்றிருந்தால் நல்லது.

அடுத்து, ஊட்டிவிடும் அன்பு. "ஒரே ஒரு வாய்", "அத்தை தந்தா வாங்க மாட்டியா?", "தட்டைக் காலி பண்ணினாத்தான் கேக்". இந்த மூன்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லி உங்கள் உறவினர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது வளர்ச்சியில் சகஜம். கூட்டமும் சத்தமும் சேர்ந்தால் தெரிந்த உணவைக்கூடத் தொடாத பிள்ளைகள் உண்டு. எதை, எப்போது, எங்கே வைப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. குழந்தை உணவைப் பற்றி அறிந்தவர்கள் பல வருஷங்களாகச் சொல்லிவரும் பங்கீடு இது, விருந்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. வாழைப்பழம், வெறும் ரொட்டி என்று சப்பென்ற ஒன்றிரண்டு வையுங்கள், போதும். "ஏன் இவ்வளவு ஒல்லி, அம்மா சோறு போடலையா?" என்பதும், இரண்டாவது துண்டு கேட்கும் பிள்ளையிடம் "ஏற்கெனவே குண்டு" என்பதும் பந்தியில் எடுக்க வேண்டிய பேச்சே இல்லை. பிறந்தநாள் பிள்ளையின் முகத்தில் கேக்கை அப்புவதையும், அந்தப் பிள்ளை ரசிக்கிறதா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். பாதிக்குமேல் அழுகையில்தான் முடிகிறது.

சர்க்கரையால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒரு ஆறுதல். 1994இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஐந்திலிருந்து ஏழு வயதுள்ள பையன்கள் யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை, செயற்கை இனிப்புதான் கொடுத்தார்கள். பாதி அம்மாக்களிடம் மட்டும் "நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் பையன் அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள். அவனைக் கூடுதலாகக் கண்டிக்கவும் செய்தார்கள். துள்ளலுக்குக் காரணம் பத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பது. பல்லுக்கும் உடல்நலத்துக்கும் சர்க்கரை குறைவாக இருப்பது நல்லதுதான், ஆகவே ஜூஸுக்குப் பக்கத்தில் தண்ணீரும் வையுங்கள். மற்றபடி ஒரு நாள் கேக்கை ஒரு நாள் கேக்காக விட்டுவிடலாம். என்னைக் கேட்டால், கேக்கைத் தடைசெய்துவிட்டுப் பழத்தில் மெழுகுவர்த்தி குத்தும் விழாக்களும் கொஞ்சம் அதிகப்படிதான்.

மெழுகுவர்த்தி என்றதும் நினைவு வருகிறது. அமெரிக்காவின் க்ளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017இல் அளந்து பார்த்ததில், ஊதிய பிறகு க்ரீம் மேல் பாக்டீரியா சராசரியாகப் பதினான்கு மடங்கு கூடியிருந்தது. ஆரோக்கியமான பிள்ளை ஊதினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சளியும் இருமலுமாக இருந்தால், ஊதுவதற்கு ஒரு சின்ன கேக், பரிமாற இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த பண்டங்கள் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மாலை முழுக்க மேசையிலேயே கிடந்ததைக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

விருந்துக்குப் போகும் நம் பக்கமும் ஒழுங்கு இல்லை. வருகிறீர்களா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பது பதில் ஆகாது. அதை நம்பித்தான் ஒருவர் தட்டு எண்ணி வாங்க வேண்டியிருக்கிறது. தம்பி தங்கையையும் கூட்டி வருவதென்றால் முன்னாலேயே சொல்லுங்கள். ஆகாத உணவை வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம்? விட்டுவிட்டுப் போகிறவர்கள் எடுக்கும்படியான ஃபோன் எண் கொடுத்துவிட்டுப் போங்கள். சந்தேகமாக இருந்தால் பிள்ளைக்கான சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போய்விடுவது என் வழக்கம், யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. டப்பா வந்தால், விழா நடத்துபவர்களே, அதை மற்றப் பிள்ளைகள் சாப்பிடும் வேளையில் அதே மேசையில், சுத்தமான தட்டில் எடுத்து வையுங்கள். சமையலறை மூலையில் தனியாக உட்கார வைக்காதீர்கள்.

கிளம்பும்போது கொடுக்கும் பரிசுப் பை பாக்கி இருக்கிறது. அதைப் பெற்றோர் கையில் கொடுங்கள், பிள்ளை கையில் வேண்டாம். பிள்ளை கையில் கொடுத்தால் காரில் ஏறுவதற்குள் மிட்டாய் வாய்க்குள் போய்விடும். அலர்ஜி இருக்கிற பிள்ளை என்றால், உறையைப் படிக்க யாருக்கும் அவகாசம் இருக்காது. மிட்டாய்க்குப் பதில் பென்சிலோ சோப்புக் குமிழியோ போட்டாலும் பிள்ளைகள் அதே குஷியோடுதான் வாங்குகிறார்கள். களிமண் போல உருட்டி விளையாடும் மாவு போடுவதாக இருந்தால், அவற்றில் சிலவற்றைக் கோதுமை மாவில்தான் செய்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முட்டை ஆகாத நான்கு வயதுக்காரி ஒருத்தியின் அம்மா