பத்திரப்பதிவில் தொடங்கும் பள்ளிச் சேர்க்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் புறநகர் உயர்நிலைப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் முன்னுக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆசியப் பிள்ளைகளின் போட்டிக்கு அஞ்சி வெள்ளையர் வேறு ஊர் போகிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியதில் உண்மை உண்டு. ஆனால் ‘அரசுப் பள்ளி இலவசம், பெற்றோர் விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம்’ என்ற வரியை இங்கே பிள்ளை வளர்க்கிற யாரும் சிரிக்காமல் படிக்க முடியாது.

பெரும்பாலான புறநகர்களில் எந்தத் தெருவில் வீடோ அந்தத் தெருவுக்கான பள்ளிதான். நம்மவர்கள் வீடு பார்க்கப் போகும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்கூல் ரேட்டிங்கைப் பார்த்துவிடுவது இதனால்தான். பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வீடுகளின் விலையை ஒப்பிட்டு, சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால், வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. இலவசம் என்கிறோமே, அதற்கான கட்டணம் வீட்டுக் கடனோடு சேர்ந்து மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.

கட்ட முடியாதவர் கதை வேறு. ஓஹாயோ மாநிலம் ஏக்ரனில் ஒரு கறுப்பினத் தாய், தன் தந்தையின் முகவரியைக் காட்டிப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம்) பள்ளியில் மகள்களைச் சேர்த்தார். 2011-இல் அதற்காக ஒன்பது நாள் சிறையில் இருந்தார். விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர் செய்த குற்றம்!

இந்த எல்லைக்கோட்டுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்படி பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்க வேண்டியிருந்தது. ஆனால் டெட்ராய்ட் போன்ற நகரங்களிலிருந்து வெள்ளையர் புறநகருக்குப் போய்க்கொண்டே இருந்ததால், நகருக்குள் கலந்து படிக்க வெள்ளைப் பிள்ளைகள் போதிய அளவில் இல்லை. டெட்ராய்டைச் சுற்றியுள்ள 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் கலப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கீழ் நீதிமன்றம் வழி செய்தது. 1974-இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதைத் தள்ளிவிட்டது. புறநகர்கள் பாகுபாடு காட்டியதாக நிரூபிக்காமல் அவற்றை இதில் இழுக்கக் கூடாது என்பது காரணம். அன்றிலிருந்து டிஸ்ட்ரிக்ட் எல்லையைத் தாண்டி வீடு மாறியவர்களை எந்தக் கலப்புத் திட்டமும் பெரும்பாலும் தொட முடியவில்லை.

அந்த எல்லையால் இன்று பயன்பெறுகிறவர்களில், அதைக் காவல் காக்கிறவர்களில் நாமும் இருக்கிறோம். கட்டுரையாளர் கலிபோர்னியாவின் கூபர்டினோவைச் சொல்கிறார். மான்டா விஸ்டா, லின்புரூக் பள்ளிகளிலிருந்து வெள்ளைக் குடும்பங்கள் விலகுவதை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2005-இலேயே எழுதியது. அந்த ஊரில் இன்று மூன்றில் இரண்டு பங்கு ஆசியர். அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் ஃப்ரீமான்டை ஏனோ விட்டுவிட்டார். 2000-ஆம் ஆண்டு, மிஷன் சான் ஹோசே பள்ளியின் எல்லையை மாற்றிச் சில பிள்ளைகளை இர்விங்டன் பள்ளிக்கு அனுப்ப நிர்வாகம் முனைந்தபோது பெற்றோர் கொதித்தெழுந்தனர். தனி டிஸ்ட்ரிக்டாகப் பிரியும் முயற்சி வரைக்கும் போனது. எதிர்த்தவர்களில் ஆசியப் பெற்றோர் பலர். இந்தப் பள்ளிக்காகத்தானே இவ்வளவு கொடுத்து வீடு வாங்கினோம் என்கிற அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. வெள்ளையர் சொன்னால் மட்டும் அதை நிறவெறி என்கிறோமே, அதுதான் புரியவில்லை.

கடைசியாக, வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி; நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவந்த அரசு அறிவியல் உயர்நிலைப் பள்ளி அது. 2020-இல் நுழைவுத் தேர்வை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 1.5 விழுக்காட்டினருக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆசியர் பங்கு 73 விழுக்காட்டிலிருந்து 54 ஆனது. ‘தகுதிக்குச் சாவுமணி’ என்கிறார் கட்டுரையாளர். (தமிழ்நாட்டில் அதே 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது கைதட்டியவர்கள் சிலரே இங்கே இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.) புதிய முறையை எதிர்த்து வழக்குப் போட்ட பெற்றோரிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்; இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஆசியர் எதிர்ப்பு வாடை அடிப்பதாகக் கல்விக் குழு உறுப்பினர்களே தங்களுக்குள் அனுப்பிய குறுஞ்செய்தி வழக்கில் வெளியானது. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் புதிய முறை செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

அந்த 2023 தீர்ப்பில் கட்டுரையாளர் கண்ணில் படாத ஓர் எண் இருக்கிறது. பழைய முறையின் கடைசி ஆண்டில் இடம் பெற்ற ஆசிய மாணவர்களில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர்தான். புதிய முறையின் முதல் ஆண்டில் அப்படிப்பட்டவர்கள் 51 பேர். ‘நம் பிள்ளைகள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கும் கட்டுரையாளர் இவர்களையும் அதில் சேர்த்துத்தான் எண்ணுகிறாரா என்று தாங்கள் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சன்னிவேல், கலிபோர்னியா.