குளச்சல் வீட்டுப் பாத்திக்கு ஓரத்தகடு

நாகர்கோவில்

அன்பு தாசுக்கு,

கடிதமும் பாத்திப் படமும் கிடைத்தன. மகளுக்கு மார்த்தாண்டத்திலேயே வேலை அமைந்தது பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம்.

தகடு விஷயத்துக்கு வருகிறேன். துரு நிறம் அழகு என்று கோர்ட்டன் ஸ்டீலில் கண் வைத்திருக்கிறாய். குளச்சலில் அது வேண்டாம் மக்கா. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வந்தால்தான் அந்தத் துரு இறுகித் தகட்டைக் காக்கும். கடலுப்புக் காற்றில் இறுகாமல் செதில் செதிலாக உதிரும். ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, கடலுக்குத் தள்ளியிருக்கும் குலசேகரம் பக்கம் போதும். உன் வீட்டிலோ வெட்டிய விளிம்பிலும் துளையிலும் முதலில் துரு ஏறும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சே எரிந்துபோகும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். 316 ரகம் தாங்கும், விலைதான் கையைக் கடிக்கும். அதனால் 5052 ரக அலுமினியம், 3 மி.மீ. கனத்தில் வாங்கு. 2 மி.மீ. மிதித்தால் நெளியும்.

8-க்கு 4 அடி ஷீட் ஒன்றை நீளவாக்கில் 6 அங்குலப் பட்டையாக வெட்டினால் 8 பட்டை, 64 அடி. ஒட்டுக்கு 2 அங்குலம் வீதம் 7 ஒட்டில் 14 அங்குலம் போனாலும் உன் 60 அடிக்குக் காணும். விளிம்பு காலைக் கிழிக்கும். அரம் போட்டு உப்புத்தாளால் தேய்த்து வாங்கு.

ஒட்டில் ஒரு பட்டைக்கு வட்டத் துளை, மற்றதற்கு நீள்துளை போடச் சொல். அலுமினியம் வெயிலில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளும்: 30 டிகிரி ஏறினால் 8 அடிப் பட்டைக்குச் சுமார் 1.7 மி.மீ. நீள இடமில்லாவிட்டால் நடுவில் புடைக்கும். 316 போல்ட், நைலான் வாஷர், லாக் நட். இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்து.

தகட்டை நிறுத்த அடிக்கும் முளைகளுக்கும் அலுமினிய ஆங்கிள் (எல் வடிவப் பட்டை)தான். உன் மணலுக்கு 18 அங்குல நீளம். நேரான இடத்தில் 3 அடிக்கு ஒன்று, வளைவில் ஒன்றரை அடிக்கு ஒன்று. மலிவென்று இரும்புக் கம்பி அடித்தால், உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கும். 316 போல்ட்டும் வேறு உலோகம்தான், ஆனால் சின்னது, அதனால் பெரிய பாதகமில்லை. கொத்தனார் “அடியில் ஒரு சட்டி காங்கிரீட் போட்டுடலாம்” என்பார். விடாதே, ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும்.

5 அங்குலம் மண்ணுக்குள், 1 அங்குலம் வெளியே. இருபுறமும் சமமாக, இரண்டு அடுக்காக மண் தள்ளித் தண்ணீர் தெளித்து இடி. ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் தகடு சாய்ந்துவிடும். படத்தில் பாத்தி சரிவுக்குக் குறுக்கே கிடக்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தகடே அணையாகும். மண்மட்டத்தில் 2 அடிக்கு ஒரு 12 மி.மீ. துளை போடு, பின்னால் ஒரு கை ஜல்லி. அருகம்புல்லை மட்டும் தகடு முழுதாகத் தடுக்கும் என்று நம்பாதே. அடியிலும் நுழையும், மேலேயும் ஏறும். அவ்வப்போது ஓரம் வெட்டத்தான் வேண்டும். தென்னைக்கு வைக்கும் பொட்டாஷும் உப்புத்தான், தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வை.

ஷீட் வாங்குமுன் தண்ணீர் ஹோஸைத் தரையில் போட்டு வளைவைப் பார். பெரிய வளைவு என்றால் தென்னந்தடியில் சாய்த்துக் கையாலேயே வளைக்கலாம். ஆரம் 2 அடிக்குக் குறைந்தால் ரோலர் உள்ள பட்டறைதான். அளந்து எழுது, பட்டறை விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
செல்வராஜ்