விண்டோஸ் மாற்றும் முன் இதைப் படி

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. லேப்டாப்பை விண்டோஸ் 11க்கு மாற்றப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். மாற்ற வேண்டியதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த லேப்டாப்பில்தான் உன் ஆய்வேடும் தாலாட்டுப் பதிவுகளும் இருக்கின்றன. ஆய்வேட்டையாவது மறுபடி எழுதிவிடலாம். அந்தப் பதிவுகளில் பாடிய பாட்டிமார்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் காப்பி செய். அதோடு விட்டுவிடாதே. தோழியின் கணினியில் அதைச் செருகி, நாலைந்து பதிவுகளைத் திறந்து கடைசி வரை ஓடவிட்டுக் கேள். திறந்து பார்க்காத நகலை நான் நகலென்று ஒப்புக்கொள்வதே இல்லை. பிறகு வேலை முடியும்வரை அந்த டிஸ்க் லேப்டாப்பின் பக்கமே வரக்கூடாது.

ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில், இருக்கிறதே என்பாய். இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அது அழிந்துவிடும். மேகக் குறி போட்ட ஃபைல்கள் உன் லேப்டாப்பில் இல்லவே இல்லை. இறக்கிய பிறகுதான் அவற்றைக் காப்பி செய்ய முடியும். இலவசமாகத் தருவதும் 5 ஜிபிதான்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பலருக்கும் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பல நேரம் அது தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில்) மாற்றப் போனால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கலாம். அந்த எண் இல்லையென்றால் டிஸ்கில் எல்லாம் பத்திரமாக இருந்தும் ஒன்றையும் எடுக்க முடியாது. உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, காகிதத்தில் எழுதி வை. பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்து.

நான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்த பாடல் தொகுப்பை மறந்துவிடாதே. அந்த எழுத்துரு போய்விட்டால் ஃபைல் அப்படியே இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதையும் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வை. நேரம் கிடைக்கும்போது தொகுப்பு முழுவதையும், தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடு.

கடையில் கொடுக்காதே. பல கடைகளில் சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டுத்தான் புது விண்டோஸ் போடுவார்கள். உன் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அந்த டிரைவில்தான் இருக்கின்றன. பென்டிரைவிலிருந்து பூட் செய்யவும் வேண்டாம். இப்போதைய விண்டோஸுக்குள் இருந்தபடியே, அதன் அப்டேட் பக்கத்திலிருந்து தொடங்கு. எதை வைத்துக்கொள்வது என்று வழியில் கேட்டால், சொந்த ஃபைல்களும் செயலிகளும் இரண்டும் இருக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடு. சார்ஜர் செருகியே இருக்கட்டும். உன் பிராசசர் பழையது, தகுதியில்லை என்று அது சொன்னால், யூடியூபில் காட்டும் குறுக்கு வழிகளில் இறங்காதே, என்னைக் கேள்.

மாறி முடிந்ததும் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்றொரு பெரிய ஃபோல்டர் இருக்கும். இடம் அடைக்கிறதென்று அதை அழித்துவிடாதே. 10 நாள் வரை பழைய விண்டோஸுக்குத் திரும்பிப்போக அதுதான் வழி. அந்த நாள்களுக்குள் உன் ரெக்கார்டர், பிரின்டர், ஒலி திருத்தும் மென்பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடு.

இரவில் தூக்கக் கலக்கத்தோடு தொடங்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் தொடங்கு. நான் வீட்டில்தான் இருப்பேன். எங்கே நின்றாலும் திரையைப் படம் எடுத்து அனுப்பு. ஹார்ட் டிஸ்குக்கான பணத்தை உன் கணக்கில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா